நித்திரையில் இருந்த கிழங்கு

ஹெலனுக்கு வாய் சும்மா இருக்காது. அதுதான் வினையாகப் போயிற்று.

கும்மிடிப்பூண்டியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் பின்னால் ஒரு முள்ளுக்காடு இருந்தது. போன ஆடியில் ஜேசிபி வந்து அதை வழித்தெடுத்தபோது, சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் ஒரே ஒரு செடியைக் கிழங்கோடு டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துவந்தாள். ஆர்க்கிட்தான், ஆனால் மரத்தில் தொற்றுகிற ஜாதி இல்லை, மண்ணில் முளைப்பது. இப்போது அங்கே குடோன் நிற்கிறது. தலைகீழாக நின்றாலும் இன்னொன்று கிடைக்காது.

வேரில் ஒட்டிய காட்டு மண்ணையும் விடாமல் தொட்டியில் போட்டுக் கண்ணும் கருத்துமாக வளர்த்தாள். சித்திரையில் இலையெல்லாம் காய்ந்து வெறும் மண்தான் மிச்சம். கோடையில் அது அப்படித்தான். கிழங்கு உள்ளே உறங்கும், முதல் மழைக்குப் பூந்தண்டோடு எழும். இது அவளுக்குத் தெரியும், புருஷன் அந்தோணிக்குத் தெரியாது.

"இன்னா ஹெலன், செடி போச்சா?" என்று கேட்டான்.

பஸ் பிடிக்கிற அவசரத்தில் அவள், "அது நித்திரையில கீதுய்யா" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

தூங்குது என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! அந்த வீட்டில் நித்திரை என்றால் ஒரே அர்த்தம்தான். சுவரில் மாட்டிய படத்தின் கீழே எழுதியிருந்தது: 'முத்தம்மா, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.' அந்தோணியின் அம்மா. போய் எட்டு மாசம்.

ஆனியில் ஒருநாள் மத்தியானம் முதல் மழை கொட்டியது. ஷிப்டு முடிந்து நனைந்துகொண்டே ஓடிவந்தாள். தொட்டியில் ஒரு ரோஜாச் செடி நின்றது.

"எங்கய்யா என் கிழங்கு?"

"காலி தொட்டியப் பாத்துப் பாத்து நிக்கிறியேன்னு காலைல ரோஜா வாங்கியாந்தேன். அத்த குப்பை வண்டில போட்டுட்டேன்."

"அடப்பாவி! அழுகி கீதா, பச்சையா கீதான்னு கூடவா பாக்கல? கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

"பாத்தேன். பச்சையா, கெட்டியாத்தான் இருந்துச்சு." அந்தோணி தொட்டி விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றான். "தூக்கிப்போட மனசே வர்ல. கையில வச்சினு ரொம்ப நேரம் நின்னேன். எங்கம்மா மூஞ்சி கூட அப்பிடித்தானே இருந்துச்சு ஹெலன்? தூங்கினு கீற மாதிரி. அதுக்காவ ஊட்லயே வச்சினா இருந்தோம்?"

கிழங்கு உயிரோடுதான் இருந்தது என்று இனி எந்த வாயால் அவனிடம் சொல்வாள்?