நீல நாடா கட்டிய கை

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நகராட்சி நூலகத்தில் வாழ்க்கைக்கு அர்த்தம் எதுவும் இல்லை என்று நிரூபித்த மறுநாள் காலையிலிருந்து, ஊரில் இருந்த தராசுகள் எல்லாம் பூஜ்யம் காட்டின. தட்டுத் தராசில் ஒரு பக்கம் இரும்புக்கல்லும் மறுபக்கம் கோழி இறகும் வைத்தாலும் முள் நடுவிலேயே நின்றது. ரயில் நிலையத்து எடை இயந்திரம் பூஜ்யம் கிலோ என்று அச்சடித்த சீட்டை மரியாதையாக நீட்டியது. பொருள்களின் கனம் எங்கும் போய்விடவில்லை; மூட்டை தூக்குகிறவர்களுக்கு முதுகு வழக்கம்போல வலித்தது. தராசுகள்தான் சாட்சி சொல்ல மறுத்தன.

வாத்தியாரைக் குறை சொல்வதற்கில்லை. மனைவி இறந்து மூன்று வருஷமாகத் தனியாக உட்கார்ந்து யோசித்ததை, மாதாந்தரக் கூட்டத்தில் பேச ஆள் கிடைக்காமல் நூலகர் கெஞ்சியதால் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். நாற்பது நிமிஷம், படிப்படியாக, கையெழுத்து கொஞ்சமும் கோணாமல். எங்காவது தப்பு இருந்தால் சொல்லுங்கள் என்றார். ஒரு வக்கீல் எழுந்து இரண்டாவது வரியில் வாயைத் திறந்து, மூன்றாவது வரியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் கைதட்டி, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

தராசு நின்றதும் முதலில் அழுதவர்கள் கள்ளத் தராசு வைத்திருந்த கடைக்காரர்கள்தான். ஏமாற்றுவதற்கு உண்மையான எடை என்று ஒன்று இருந்தாக வேண்டுமே. முத்திரை ஆய்வாளர் வந்தார். காலித் தராசு பூஜ்யம் காட்ட வேண்டும் என்பது விதி, காட்டியது. அத்தனைக்கும் முத்திரை குத்திவிட்டுப் போனார். பிறகுதான் மற்றது தொடங்கியது. பஸ் ஓட்டுநர் பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் போய் என்ன ஆகப்போகிறது என்றார். இறங்கியவர்களும் ஒத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். சவரக்கடைக்காரர் ஒரு கன்னத்தை மழித்துவிட்டு, இன்னொன்று எதற்கு என்று கத்தியை மடக்கினார். அர்த்தம் போனால் ஊர் ரத்தக்களரியாகிவிடும் என்று பயந்தவர்கள் ஏமாந்தார்கள். அடிதடிக்கும் கொஞ்சம் அக்கறை வேண்டும், அது யாரிடமும் இல்லை. எல்லாம் அப்படியே தூசி படிந்து கிடந்தது.

ஊரில் ஓயாமல் வேலை செய்தவர் தராசு பழுதுபார்ப்பவர் ஒருவர்தான். முப்பத்தோரு வருஷத் தொழில். சரிசெய்ய முடியாத தராசுக்கு நீல நாடா கட்டிவிடுவது அவர்கள் தொழிலில் வழக்கம். இதை நம்பாதே என்று அர்த்தம். பத்து நாளில் கையிருப்பு நாடா தீரும் நிலைக்கு வந்தது. வாத்தியார் இவருடைய மனைவிக்கு அண்ணன் வேறு. உங்க மச்சான் பண்ணின வேலையைப் பாருங்க என்று போகிற இடமெல்லாம் அவரைத்தான் பிடித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து தராசுக்காரருடைய மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ ஆகும்வரை ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும்; தினமும் எடை பார்த்துத்தான் பாலின் அளவு. தராசோ பூஜ்யம். எத்தனையோ வருஷம் எடைக்கல் தூக்கிய கை, கிராம் சுத்தமாகச் சொல்லும் என்பதால் டாக்டரம்மா அவரையே தூக்கிப் பார்க்கச் சொன்னார். முதல் நாள் ஆயிரத்து நானூறு என்றார். அடுத்த நாள் நானூற்று ஐம்பது. அதற்கடுத்த நாள் ஐந்நூறு. மகள் முகத்தில் சிரிப்பு வந்தது. நான்காம் நாள் நர்ஸ் அவரைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார்.

"கோவிச்சுக்காதீங்கய்யா. உங்க கைதான் ஏறுது, பிள்ளை ஏறலை. முந்தாநாள் கட்டின துணி இன்னைக்கு லூசா இருக்கு."

அவர் பையிலிருந்து நீல நாடாவை எடுத்துத் தன் வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். பிறகு மருமகன் தூக்கிப் பார்த்தார், நர்ஸ் தூக்கிப் பார்த்தார். ஆளுக்கு ஒரு எடை, எல்லாமே கூடுதல். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, இந்தப் பிள்ளை பிழைத்தாலும் போனாலும் ஒன்றுதான் என்று நினைக்கிற கை ஒன்று வேண்டும் என்றார். அப்படிப்பட்ட கை ஊரில் யாரிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

தராசுக்காரர் போனபோது வாத்தியார் தன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், ஒரு வேலை இருக்கு. தினம் வரணும். இதுல எந்த அர்த்தமும் கிடையாது, முன்னாடியே சொல்லிடறேன்."

"அப்படின்னா சரி, மாப்பிள்ளை. இருக்குன்னு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன்."

அன்று பகல் முழுக்க எடைக்கற்களைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்துப் பழக்கினார்கள். இழுக்கிற ஆசை எதுவும் உள்ளே இல்லாததால் கை சட்டென்று படிந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குக் குழந்தையை வாங்கினார், மூச்சு விடும் நேரத்தில் திருப்பிக் கொடுத்தார். "ஆயிரத்து முந்நூத்திப் பத்து." பிறந்த அன்று இருந்ததைவிடக் குறைவு. மகள் அவரை ஜென்ம விரோதிபோலப் பார்த்தாள். டாக்டரம்மா மட்டும், இப்போதுதான் உண்மை தெரிந்தது என்று, அந்த மணியிலிருந்தே குழாய் வழியாக மணிக்கொரு தடவை பால் கொடுக்கச் சொன்னார்.

தினமும் பத்து மணிக்கு வாத்தியார் வந்தார், கை கழுவினார், தூக்கினார், எண்ணைச் சொன்னார், போனார். முந்நூற்றுப் பத்தாகவே மூன்று நாள் நின்றது. அந்த மூன்று நாளும் தராசுக்காரர் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நான்காம் நாள் முந்நூற்று முப்பது. அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை, அதனாலேயே மகள் அதை நம்பினாள். இப்படியே ஒரு மாதம் போய், இரண்டு கிலோவுக்கு இன்னும் இருபது கிராம் என்ற நிலைக்கு வந்தது.

அடுத்த நாள் தூக்கியபோது குழந்தை அவர் முகத்துக்கு நேரே ஒரு தும்மல் போட்டது. எண் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

"ரெண்டரை கிலோ இருக்கும். மூணுகூட இருக்கலாம்."

மகள்தான் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். வாத்தியார் குழந்தையைத் திருப்பிக் கொடுக்காமலே தராசுக்காரர் பக்கம் திரும்பினார்.

"கை கெட்டுப்போச்சு, மாப்பிள்ளை."

"அப்போ நீங்க நிரூபிச்சது?"

"அதுல ஒரு தப்பும் இல்லை. நேத்துகூடச் சரிபார்த்தேன்."

முப்பத்தோரு வருஷத்தில் எந்தத் தராசு பழுதானதற்கும் தராசுக்காரர் அன்றுவரை சந்தோஷப்பட்டதில்லை. மிச்சமிருந்த நாடாவை எடுத்து மச்சானின் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டார். டாக்டரம்மா, நேற்றைய கணக்கே போதும், தூக்கிக்கொண்டு போங்கள் என்றார்.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருஷமாகிறது. கரும்பலகையில் எழுதியது இன்னும் அப்படியே இருக்கிறது. தப்பு இல்லாததை எப்படி அழிப்பது என்று நூலகர் விட்டுவிட்டார். தராசுகள் பூஜ்யத்தில்தான் நிற்கின்றன. எடை பார்க்கக் கைதான் வழி என்று ஆனபின், ஊரில் ஒருவர் பொருளை ஒருவர் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள். தூக்கிய கைகள் ஒவ்வொன்றாகக் கெட்டன, நாடா பரவியது. பஸ் கடைசி நிறுத்தம்வரை போகிறது. சவரக்கடைக்காரர் இரண்டு கன்னத்தையும் மழிக்கிறார், அவர் மணிக்கட்டிலும் நீலம் இருக்கிறது. இப்போது நாடா இல்லாத கை கிடைப்பது கஷ்டம். எடை சுத்தமாகத் தெரிந்தாக வேண்டுமென்றால் பஸ் நிலையத்தில் அப்போதுதான் இறங்கிய வெளியூர்க்காரர் யாரையாவது கூட்டிவருகிறார்கள். அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பதற்கு முன்பே எடையைக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.