வாசனை வருதா?

சிம் தால்சு தென்கொரியாவின் காங்னங் நகரத்தில் முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டியவர். பனி உறைந்த மலைப்பாதையிலும் ஸ்டியரிங்கை அலுங்காமல் பிடித்த கை அவருடையது. அந்தக் கைதான் இப்போது தினமும் காலை ஏழு மணிக்குச் சமையலறையில் நின்று பதினெட்டு கிராம் காபிக்கொட்டையை நிறுக்கும்போது வெடவெடவென்று நடுங்கியது. இத்தனைக்கும் மனிதருக்குக் காபி என்றால் அப்படியொன்றும் உயிர் கிடையாது. கவலைதான் உயிர். கவலைப்பட எதுவும் இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று கவலைப்படுகிற ஜாதி.

இந்தத் தடவை கவலைக்கு நிஜமாகவே காரணம் இருந்தது. ஜனவரியில் அவர் மனைவி ஓக்புன்னுக்கு வந்த காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது. போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. பூண்டு, சோப்பு, மீன், மழை எதுவுமே அவளுக்கு வரவில்லை. நரம்பு திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பிடித்த வாசனையைத் தினமும் முகர்ந்து பழகுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். மார்க்கெட்டில் இருபது வருஷமாகக் கருவாட்டுக் கடை வைத்திருந்தவள், "நல்லதும் அழுகினதும் எனக்கு இப்ப ஒண்ணுதான்" என்று கடையைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மார்ச் மாதம் ஒரு நாள் அடுப்பில் கடல்பாசி சூப் பொங்கி வழிந்து தீ அணைந்துவிட்டது. கேஸ் மட்டும் புஸ்ஸென்று வந்துகொண்டே இருந்தது. ஓக்புன் இரண்டடி தள்ளி உட்கார்ந்து டிவியைப் பார்த்தபடி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். படியில் இறங்கிய மாடிவீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு கதவை உடைக்காத குறையாகத் தட்டியிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! தால்சு ஓடி வந்தபோது ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. ஓக்புன் பூண்டுக் கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "எனக்குத் தெரியவே இல்லைங்க" என்றாள். மறுநாளே அவர் டிப்போவில் பஸ் சாவியைக் கொடுத்துவிட்டு, வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மகள் ஹேரின் சியோலிலிருந்து வந்து கேஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போனாள். அது மீன் வறுத்தாலும் கத்தியது, அரிசி வேக வைத்தாலும் கத்தியது. ஒரு வாரத்தில் ஓக்புன் அதன் பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுவிட்டாள்.

காபி மெஷின் வாங்கும் யோசனை தால்சுவுடையதுதான். கடைக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் ஓக்புன் ஆன்மோக் கடற்கரைக் காபிக்கடையில் போய் உட்காருவாள். "குடிக்கிறதெல்லாம் அப்புறங்க. தூள் அடைச்ச அந்தக் கைப்பிடியை மெஷின்ல மாட்டினதும் முதல் சொட்டு விழும் பாருங்க, அப்ப ஒரு வாசனை வரும். அதுக்குத்தான் நான் வர்றேன்" என்பாள். அவளுக்குப் பிடித்த வாசனை அதுதான் என்றால், அந்த முதல் சொட்டு வீட்டிலேயே விழட்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

முடிவு செய்வது சுலபம். எந்த மெஷின் என்று கேட்கப் போய்த்தான் மனிதர் மாட்டிக்கொண்டார். மகள், "அப்பா, பட்டனை அமுக்கினா காபி வர்ற மெஷின் இருக்கு. அதை வாங்கிட்டுப் பேசாம இருங்க. உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றாள். இணையத்தில் வீட்டுக் காபிக்காரர்கள் கூடுகிற பக்கத்தில் எட்டிப்பார்த்தார். ஒருத்தன் இரண்டு கொதிகலன் இல்லாத மெஷின் மெஷினே இல்லை என்றான். இன்னொருத்தன் ஒன்றே தாராளம் என்றான். மூன்றாவது ஆசாமி மெஷினை விடுங்கள், அரவை இயந்திரத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று இரண்டு பேரையும் திட்டினான். தால்சு மூன்று வாரம் நோட்டுப் போட்டு எழுதினார். தப்பான மெஷினை வாங்கிவிட்டால் ஓக்புன்னின் மூக்கு திரும்பி வராது என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் சிரிப்பார்கள்.

கடைசியில் தெருமுனையில் கொட்டை வறுத்து விற்கிற பியோவிடம் போய் நின்றார்.

"ஐயா, வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டார் பியோ.

"ரெண்டு பேரு."

"அப்ப ஒரு கொதிகலன் போதும். அரைக்கிறதை நல்லதா வாங்குங்க. தூள் சரியில்லன்னா எந்த மெஷினும் உங்களைக் காப்பாத்தாது."

மெஷின் வந்தது. முதல் நாள் எட்டே விநாடியில் மடமடவென்று தண்ணீராய்க் கொட்டியது. வாயில் வைத்தால் புளிப்பில் பல் கூசியது. மறுநாள் தூளை நைஸாக அரைத்தார். மெஷின் முக்கியது, முனகியது, ஒரு சொட்டு விடவில்லை. மூன்றாம் நாள் அவசரத்தில் கைப்பிடியைச் சரியாக மாட்டாமல் பொத்தானைத் தட்ட, காபி சுவர்க் காலண்டர் முழுக்கப் பீய்ச்சி அடித்தது.

"பஸ்ஸையும் இந்த லட்சணத்துல ஓட்டியிருந்தீங்கன்னா பாதி ஊர் கடல்ல கிடந்திருக்கும்" என்றாள் ஓக்புன் துணியோடு வந்து.

"நீ சும்மா இரு. உனக்காகத்தான் இவ்வளவு பாடு!"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் திரும்பி நின்று சுவரைத் துடைத்தாள்.

ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அரவையை மாற்றினால் எடையில் கை வைக்காதீர்கள் என்று பியோ சொல்லிக்கொடுத்தார். அது தால்சுவுக்குப் பிடிபட்டது. தூளைச் சமமாக அமுக்கப் பழகினார். பம்பின் சத்தத்தை வைத்தே அன்றைய காபி தேறுமா தேறாதா என்று சொல்லும் அளவுக்கு வந்தார். என்ன இருந்தாலும் இன்ஜின் சத்தம் கேட்டுப் பழகிய காது. நான்காவது வாரம் இருபத்தேழு விநாடியில், தேன் நிறத்தில், நூல் பிடித்த மாதிரி இறங்கியது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினார்.

"வாசனை வருதா?"

ஓக்புன் கண்ணை மூடி முகர்ந்தாள். "இல்லையேங்க."

தால்சுவின் முகம் தொங்கிப்போனது. "பரவால்ல, பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே திரும்பி நடந்தார். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். பல் துலக்க மறந்தாலும் மறப்பார், இதைக் கேட்க மறக்க மாட்டார். கேட்டுவிட்டுப் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

மே மாதம் பாதியில் ஒரு நாள் அவள், "என்னமோ... லேசா வர்ற மாதிரி இருக்கு" என்றாள்.

தால்சு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு நாளுக்கு நாள் முன்னேற்றம்தான். ஒரு நாள் ஆரஞ்சுத் தோல் மாதிரி என்றாள். வேறொரு நாள் சாக்லேட் என்றாள். தால்சு அதைப் பியோவிடம் போய்ச் சொல்ல, "அடேயப்பா! அந்தக் கொட்டைக்கு அதேதான் ஐயா! என் பொண்டாட்டிக்கே அது தெரியாது!" என்று பியோ வாயைப் பிளந்தார். ஹேரின் போனிலேயே அழுதாள்.

இருந்தும் தால்சுவுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டுதான் இருந்தது. குப்பை கொட்டக் கீழே போனாலும் பாதிப் படியில் திரும்பி ஏறி வந்து அடுப்புக் குமிழைத் தொட்டுப் பார்ப்பார். நாளெல்லாம் அவள் பின்னாலேயே நடந்தார். "நிழல்கூட இருட்டினா போயிடும், நீங்க போக மாட்டேங்குறீங்களே" என்று அவள் சலித்துக்கொண்டாள்.

ஜூன் கடைசியில் டிப்போ மேலாளர் பாங் போனில் கூப்பிட்டார். துறைமுக வழித்தட ஓட்டுநர் கால் உடைந்து படுத்துவிட்டாராம். "அண்ணே, அண்ணிக்குத்தான் சரியாயிடுச்சாமே? ஒண்ணாம் தேதியிலிருந்து வந்துடுங்க. வியாழக்கிழமை காலையில பட்டியல் போடணும்."

தால்சுவுக்குப் போக ஆசை. ஆசை என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. அதைவிடப் பயம் அதிகம். காலை ஐந்தரைக்குப் போனால் மதியம் மூன்று வரை ஓக்புன் வீட்டில் தனியாக இருப்பாள். அவளும் அந்த அடுப்பும். அவள் மூக்கை நம்பலாமா கூடாதா, கேள்வி அவ்வளவுதான்.

"போய்ட்டு வாங்கன்னா போங்க" என்றாள் அவள். "எனக்குத்தான் எல்லாம் வருதே!"

வியாழக்கிழமை வந்தது. கொட்டையை ஃப்ரீசரில் வைத்தால் கெடாது என்பது பியோவின் யோசனை. வீட்டுக்கு வருகிற எதையும் கழுவி வைத்த பழைய இன்ஸ்டன்ட் காபி பாட்டிலில் கொட்டி ஃப்ரீசரில் திணிப்பது ஓக்புன்னின் வழக்கம். அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் எந்த வீட்டு ஃப்ரீசரைத் திறந்தாலும் பேர் எழுதாத பாட்டிலும் முடிச்சுப் போட்ட கறுப்புப் பையும்தான். எதற்குள் என்ன என்பது வீட்டுக்காரிக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். முந்தின நாள் தங்கச்சி குடிதண்ணீரில் போட்டுக் காய்ச்சுவதற்காக வறுத்த கறுப்புச் சோயாப் பயறு கொடுத்தனுப்பியிருந்தாள். அதுவும் அதே மாதிரி பாட்டிலில் ஏறி, அதே தட்டில் உட்கார்ந்திருந்தது.

தால்சு ஃப்ரீசரைத் திறந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பாங்தான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பனி படிந்த பாட்டிலை எடுத்து, உள்ளே இருந்ததை எடைபோட்டு, அரவை இயந்திரத்தில் கொட்டினார்.

"என்ன சத்தம் அண்ணே அது?"

"காபி அரைக்கிறேன்பா. இவளுக்குத்தான். இப்ப நல்லா முன்னேற்றம். ஆரஞ்சா, சாக்லேட்டான்னுகூடப் பிரிச்சுச் சொல்லிடறா."

"அப்ப உங்க பேரைப் போட்டுடவா?"

தூளை அமுக்கி, கைப்பிடியை மாட்டி, பொத்தானைத் தட்டினார். "போடு, போட்டுடு" என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார். பம்பின் சத்தம் சரியில்லை. கோப்பையில் வெளிறிய நுரையாக ஏதோ குபுகுபுவென்று விழுந்தது. சமையலறை முழுக்க வறுத்த பயறு வாசனை கமகமவென்று எழுந்தது. காபியின் சாயல்கூட அதில் இல்லை. பச்சைக் குழந்தைக்குக்கூட அது பயறு என்று தெரியும்.

அப்போதுதான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த ஓக்புன், போனில் இருக்கிறவருக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னாள்: "அப்பப்பா! இன்னிக்குக் காபி வாசனை இங்க வரைக்கும் தூக்குதுங்க!"

தால்சு கோப்பையையும் கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஹலோ? அண்ணே? போடவா வேண்டாமா?"

"வேண்டாம்பா. போடாதே." போனை வைத்தார்.

கோப்பையைக் கொட்டிவிடலாமா என்று நினைத்தார். கால் கூடத்துக்கு நடந்தது. அவள் முன்னால் வைத்தார். ஏதும் கேட்கவில்லை. ஓக்புன் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாள்.

"பூ வாசனை. மல்லிப்பூ மாதிரி. கடைசில கொஞ்சம் தேன்."

பியோ புதிதாகக் கொடுத்த கொட்டைப் பொட்டலத்தின் மேல் அச்சடித்திருந்தது அதேதான். மல்லிகை, தேன். முந்தின பொட்டலத்தில் சாக்லேட். அதற்கு முந்தினதில் ஆரஞ்சுத் தோல். தால்சுவுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது.

அவள் ஒரு வாய் குடித்தாள். நாக்குக்கு வாசனை தெரியாவிட்டாலும் கசப்பு தெரியும், புளிப்பு தெரியும். இதில் இரண்டும் இல்லை. கோப்பையை மெல்லக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது காபி இல்லையா?"

"உன் தங்கச்சி கொடுத்த பயறு."

தால்சு வெடித்தார். "எவ்வளவு நாளா? சொல்லு, எவ்வளவு நாளா? ஒண்ணாம் தேதி நான் போயிருப்பேன்டி! நீ இங்க தனியா... அந்த கேஸ்... உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"நீங்க போகணும்னுதான் சொன்னேன். தெருவுல பஸ் சத்தம் கேட்டா ஜன்னலுக்கு ஓடறீங்களே, அது எனக்குத் தெரியாதா?"

"பொய் சொல்லி அனுப்புவியா? செத்துப்போயிட்டா?"

"வேற என்னதான் செய்யச் சொல்றீங்க!" ஓக்புன்னும் கத்தினாள். கத்தியதும் குரல் உடைந்துவிட்டது. "தினமும் காலையில வருதா வருதான்னு வந்து நிக்கிறீங்க. இல்லைன்னு சொன்னா உங்க மூஞ்சி போற போக்கு இருக்கே, அதைப் பாக்க எனக்குப் பயமா இருந்துச்சு. மூக்கு போனதுகூடப் பெருசா தெரியலைங்க. ஏழு மணி ஆனாலே அதே நினைப்புதான். இன்னிக்கும் இவரை அழ வைக்கப் போறோமேன்னு. ஒரு நாள் தாங்க முடியல, லேசா வருதுன்னுட்டேன். நீங்க தரையில உக்காந்து குழந்தை மாதிரி அழுதீங்க. அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

இத்தனை நாளும் கேஸ் கசியுமோ, அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றெல்லாம் பயந்த தால்சு, அவளுக்குத் தன் முகம்தான் பயம் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. அவமானமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, மடிக்காமல் கிடந்த துணியில் ஒன்றை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

மத்தியானம் கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டு இணைப்பைத் துண்டிக்கச் சொன்னார். சாயங்காலம் இருவரும் போய் மின்அடுப்பு ஒன்று வாங்கி வந்தார்கள். இனி பாங்கைக் கூப்பிட்டு வேலைக்கு வருவதாகச் சொல்லலாமா என்று இரண்டு பேருமே பேச்செடுக்கவில்லை.

மறுநாள் காலை தால்சு பாட்டிலைத் திறந்து இரண்டு தடவை முகர்ந்து பார்த்துவிட்டே எடைபோட்டார். பதினெட்டு கிராம். இருபத்தேழு விநாடி. கோப்பையை அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். வருதா என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

ஓக்புன் முகர்ந்தாள். வெகுநேரம் முகர்ந்தாள். பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்து, "ஒண்ணும் வரலைங்க" என்றாள்.

தால்சு முகத்தை அப்படியே வைத்திருந்தார். முப்பத்தோரு வருஷத்தில் எந்த மலைவளைவிலும் அவர் இவ்வளவு பாடுபட்டதில்லை.

"சரி, குடி" என்றார். "ஆறிடப் போகுது."