மேடு ஏறாத கேரவன்

என் கணவர் குடும்பத்தாருக்குக் கம்பளக் கடை. தரையைக் கண்டால் அவர்களுக்குக் கை சும்மா இருக்காது. கூடத்தில் கம்பளம் இருப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான்; எங்கள் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அடியிலும் இருந்தது, கொஞ்ச காலம் மீன்தொட்டிக்குக் கீழேயும் இருந்தது. கடையில் வெட்டி மிஞ்சிய துண்டை எறிவது அந்தக் குடும்பத்தில் பாவம். பழையதை உரித்துவிட்டுப் புதியதைப் போடுவது அதைவிடப் பெரிய பாவம். "கீழ இருக்கிறது நல்ல பீஸ் அண்ணி, அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்று சொல்லி என் கொழுந்தன் அதன் மேலேயே அடுத்ததை ஒட்டிவிடுவார். எங்கள் வீட்டுக் கதவுகள் எதுவும் வாங்கிய உயரத்தில் இல்லை. அடியில் இழைத்து இழைத்துக் குள்ளமாகிவிட்டன.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு பழைய டீசல் கேரவனை வாங்கினார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒல்லியானவர்கள் மட்டும் உட்காரக்கூடிய கழிப்பறை. ஊருக்கு வடக்கே நீண்ட மேடு ஒன்று உண்டு. அதற்கப்பால் ஒரு ஏரி இருப்பதாகச் சொல்வார்கள். அதன் கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் காலையில் கதவைத் திறந்தால் தண்ணீர் தெரிய வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. கொழுந்தன் அன்றைக்கே முன்பக்கம் கம்பளம் போட்டுக் கொடுத்தார். மறுநாள் கிளம்பினோம்.

மேட்டின் உச்சி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வண்டி முக்க ஆரம்பித்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரனால் எங்கள் பரம்பரையை விசாரித்தார்கள். திரும்பிவிட்டோம். அடுத்த வருடம் பெட்ரோல் பங்க் வரைக்கும்தான் போக முடிந்தது. அதற்கடுத்த வருடம் அதற்கும் கீழே. கடைசியில் மேட்டின் அடிவாரத்திலேயே நிறுத்தி, பிளாஸ்கில் கொண்டுபோன டீயைக் குடித்துவிட்டு வருவோம். செங்கல் லாரிகள் எங்களைத் தாண்டி ஏறும். டிரைவர்கள் கை காட்டுவார்கள்.

"வயசாகுது. அதுக்கும் எனக்கும்" என்பார் என் கணவர்.

கொழுந்தனுக்கு டர்போ என்ற சொல் மிகவும் பிடிக்கும். "டர்போ போயிருக்கும்ணா" என்பார். எங்கள் பிரிட்ஜ் நின்றபோதும் அதையேதான் சொன்னார். என் கணவருக்கு டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்ற சந்தேகம். மெக்கானிக் காற்று பில்டரை மாற்றினார், டீசல் பில்டரை மாற்றினார், இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினார். ஒவ்வொரு முறையும் பானெட்டைத் திறந்து, டீசல் பம்பின் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரைக் கையால் இழுப்பார். வண்டி கர்ஜிக்கும். "கேட்டீங்களா சார்? சிங்கம்!" என்பார். சிங்கம் மேட்டுக்குப் போனதும் பூனையாகிவிடும். அதை ஓட்டிப் பார்க்க மெக்கானிக்கை என் கணவர் விட்டதில்லை. யாரையுமே விட்டதில்லை. கடையின் டெலிவரி வேனை ஓட்டியவள் நான். எனக்கே அந்த ஸ்டியரிங்கைத் தொட அனுமதியில்லை.

ஒரு மழைக்காலத்தில் என் கணவர் போய்விட்டார். இதயம். துக்கம் கேட்க வந்த மெக்கானிக், "பம்ப்தான் போச்சாம்மா?" என்று கேட்டார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு வந்தவர்களில் தனக்குத் தெரிந்ததை மட்டும் பேசியவர் அவர் ஒருவர்தான்.

காரியங்கள் முடிந்து சில வாரங்களில் கொழுந்தன் வந்தார்.

"அண்ணி, கேரவனுக்கு ஒருத்தர் வந்திருக்கார். ஸ்கூல் வாசல்ல நிறுத்தி ஜூஸ் கடை போடப்போறாராம். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கிறேங்கிறார்."

"நான் ஏரிக்குப் போகணும் தம்பி."

"எதுல?"

"கேரவன்லதான்."

அவர் சிரித்தார். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு. அதனாலேயே அதிகம் எரிந்தது. "அண்ணனே ஏத்த முடியாத வண்டி அது. நீங்க ஏத்திட்டா வண்டி உங்களுக்கே. அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்."

"அதுக்காகவே ஏத்தலாம்" என்றேன்.

அன்று வியாழக்கிழமை. வண்டியைப் பட்டறைக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். மெக்கானிக் பம்பையே இறக்கிவிடலாம் என்று ஸ்பேனரை எடுத்தார். சூடான சைலன்சரில் பட்டுச் சுட்டதால் அவருடைய வலது கையில் பெரிய கட்டு.

"மேட்டுல கரும்புகை கக்குமாம்மா?"

"ஒரு பொட்டு கூட வராது. சுத்தமான எஞ்சின்னு அவர் பெருமையா சொல்வார்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "பெருமையா? மூச்சு முட்டுற டீசல் வண்டின்னா மேட்டுல கரி கக்கணும். கக்கலைன்னா அதுக்கு யாரும் டீசலே குடுக்கலைன்னு அர்த்தம். இதை ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல."

"சரி, கை இப்படி இருக்கு, லீவரை இழுக்க முடியாது. நீங்க உள்ள உக்காந்து ஆக்சிலேட்டரை முழுசா மிதிங்க. நான் பாக்குறேன்."

மிதித்தேன்.

"முழுசாம்மா!"

"முழுசாத்தான் மிதிச்சிருக்கேன்."

"பாதி கூட வரலையே. பயப்படாம மிதிங்க, வண்டி நின்னுக்கிட்டுத்தானே இருக்கு!"

"பயமா? இதுக்கு மேல மிதிச்சா நான் ரோட்டுல நிப்பேன்."

அவர் நம்பாமல், எப்படியோ எட்டி இடது கையால் லீவரை இழுத்துப் பார்த்தார். அது தாராளமாகக் கடைசி வரை போனது, வண்டி கர்ஜித்தது. பம்பில் குறையில்லை, கேபிளில் குறையில்லை. அவர் சுற்றி வந்து என் காலடியில் தலையை நுழைத்தார்.  பிறகு வெளியே வந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இது என்னம்மா, வண்டியா மெத்தையா?"

பெடலுக்கு அடியில் இருந்த கம்பளத்தைக் கத்தியால் நானே கிழித்தேன். மேலே சாம்பல் நிறம். அதன் அடியில் எங்கள் படுக்கையறைக் கம்பளத்தின் மிச்சம். அதற்கடியில் பச்சை, கடையில் யாரும் வாங்காத பச்சை. அப்புறம் சிவப்பு, அப்புறம் பூப்போட்டது. வருடா வருடம் கொழுந்தன் பாசத்தோடு ஒட்டிக்கொடுத்தது. வருடா வருடம் பெடல் கீழே போகிற தூரம் ஒரு விரல் குறைந்திருக்கிறது; நாங்கள் வயசைப் பழி சொன்னோம்.

சாம்பல் கம்பளத்தில் பெடலின் நுனி முட்டிய இடத்தில் ஆழமாக ஒரு தழும்பு. பக்கத்தில் அவருடைய குதிகால் பதிந்த பள்ளம். மனிதர் உயிரைக் கொடுத்துத்தான் மிதித்திருக்கிறார். மிதித்ததெல்லாம் எங்கள் கடைச் சரக்கை.

நான் சிரித்தேன். மெக்கானிக்கும் சேர்ந்துகொண்டார். சிரிப்பு நடுவில் வேறு ஏதோவாக மாறியபோது அவர் கம்பளத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்து, "இன்ஜெக்டர் கழுவினது வீண் போகலம்மா, பளபளன்னு இருக்கு" என்றார். அந்த மனிதருக்கும் ஒரு மானம் வேண்டாமா?

சனிக்கிழமை காலை கொழுந்தனை ஏற்றிக்கொண்டேன். அவர் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்.

"அண்ணி, இங்க ஒரு நல்ல பீஸ் போட்டிருந்தேனே?"

"ஒண்ணா போட்டிருந்தீங்க?"

சொன்னேன். எல்லா அடுக்கையும் நிறம் நிறமாகச் சொன்னேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டி அடிவாரத்தைத் தாண்டியது. பெட்ரோல் பங்கைத் தாண்டியது. ஒரு செங்கல் லாரியை முந்தினேன். டிரைவருக்குக் கை காட்டினேன்.

"காத்து பின்னாலேருந்து அடிக்குது" என்றார் கொழுந்தன்.

"ஆமா. புயல்."

உச்சியில் ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. "சரி அண்ணி, ஏறிடுச்சு, வண்டி உங்களுக்குத்தான். திருப்புங்க, கடை திறக்கணும்."

"நான் ஏரிக்குப் போறேன்."

"அப்ப நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

"இறக்கம்தானே தம்பி. அதுக்கு என்ன பவர் வேணும்?"

இறங்கினார். கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டே நின்றார். "அண்ணன் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.  டர்போ போயிருக்கும் என்று அன்று மட்டும் அவர் சொல்லவில்லை. வாயில் ஏதேதோ வந்தது எனக்கு. நல்ல கூர்மையான வாக்கியங்கள். அவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

"கதவை அழுத்திச் சாத்துங்க" என்றேன்.

உச்சி என்று நாங்கள் நினைத்திருந்தது உச்சி இல்லை. வளைவைத் தாண்டியதும் அதைவிடச் செங்குத்தாக இன்னொரு மேடு நின்றது. அடிவாரத்திலிருந்து அது தெரியாது. அங்கே வரை வந்தால்தானே தெரியும். என் கணவரைக் கொஞ்சம் திட்டிக்கொண்டே கியரைக் குறைத்து, மிதித்தேன்.