அண்ணி ஏறிய வண்டி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. கேட்டவர் என் அண்ணி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதுகிற மாதிரி நான் பாவனை செய்துகொண்டிருந்தேன். அண்ணி எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நீ கதையில ஆளுங்கள எங்க வேணா அனுப்புவல்ல?"

"அனுப்புவேன்."

"என்னையும் அனுப்பு. மஞ்சள் வேன் கம்பெனியில டிரைவரா சேந்தா என்ன ஆகும்னு ஒண்ணு, நீலத்துல சேந்தா என்ன ஆகும்னு ஒண்ணு. ரெண்டையும் எழுதிக் குடு. படிச்சுப் பாத்துட்டு எதுல சேர்றதுன்னு முடிவு பண்றேன்."

"அண்ணி, கதைன்னா ஜோசியம் இல்ல."

"தெரியும். ஜோசியக்காரன் பயமுறுத்துவான். நீ அவ்வளவு மோசமில்ல."

2

முதல் தொடக்கம்: சாலை ஒரு நதியைப்போல அவள் முன்னால் —

வேண்டாம். சாலையை நதி என்று அண்ணி சொல்லி நான் கேட்டதே இல்லை. அவருக்குச் சாலை என்றால் குழி, வளைவு, வேகத்தடை, முன்னால் போகிற முட்டாள்.

இரண்டாவது: நாற்பத்தேழு வயதில் வேலையை இழந்து நின்றபோது —

இதை எனக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார். "இழக்கலையே. பள்ளிக்கூடம்தான் மூடுச்சு. நான் அப்படியேதான இருக்கேன்?"

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளராக இருந்தார். எங்கள் ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். கிளட்சைக் கண்டு நடுங்கியவர்கள், பிரேக்கை மறந்தவர்கள், கணவன் சொல்லிக்கொடுத்து அழுதுவிட்டு வந்தவர்கள், எல்லாரையும் ஒரு வழியாகத் தெருவில் இறக்கிவிட்டவர். ஆனால் பயிற்சியாளரின் இடம் பக்கத்து இருக்கை. அங்கே காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும், அவ்வளவுதான் அவருக்கு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நாள் முழுக்க வண்டியிலேயே இருந்த மனுஷிக்கு, ஸ்டீயரிங் எப்போதும் இன்னொருவர் கையில்.

முதலாளி பள்ளியை மூடிவிட்டு மகளோடு போய் இருக்கக் கிளம்பினார். கார்களை விற்றார். அன்று சாப்பிடும்போது அண்ணி சொன்னார்: "இனிமே நான் ஓட்டப் போறேன். யாரோ ஓட்ட, நான் பக்கத்துல உக்காரப் போறதில்ல."

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார்.

(அண்ணனைப் பற்றி: பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. இம்மியளவு பிசகினாலும் வாடிக்கையாளரால் மெல்ல முடியாது என்பதால் எதையும் நாலு முறை உரசிப் பார்க்கிற சுபாவம் வந்துவிட்டது. வாழ்க்கையையும் அப்படித்தான் பார்ப்பார்.)

3

எங்கள் தெருவுக்குப் பார்சல் கொண்டுவருகிற கம்பெனிகள் இரண்டு. பெயர் சொல்லமாட்டேன். வேன்களின் நிறம் போதும்.

மஞ்சளில் வேன் கம்பெனியுடையது. மாதச் சம்பளம், விடுப்பு, காப்பீடு எல்லாம் உண்டு. ஆனால் எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பதைக்கூடக் கைபேசி சொல்லும். ஓட்டுபவரின் முகத்தைப் பார்த்தபடி ஒரு கேமரா இருக்கும்.

நீலத்தில் வேன் உங்களுடையதாக இருக்க வேண்டும். உங்களுக்கென்று ஒரு பகுதி தருவார்கள். எப்படிப் போனாலும் கேள்வி இல்லை. எத்தனை பார்சலோ அத்தனைக்குக் கூலி. அண்ணியின் சொற்களில்: "வரலைன்னா ஏன்னு கேக்க மாட்டாங்க. வர முடியலைன்னாலும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

அண்ணன் மஞ்சள் கட்சி. "மாசாமாசம் வரும். உடம்புக்கு முடியலைன்னா படுத்துக்கலாம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"நீங்க யோசிக்காம ஒரு பல்லையாவது வெச்சிருக்கீங்களா?" என்றார் அண்ணி.

இரண்டு கம்பெனியும் சேர்வதற்கு முன் ஒருநாள் வந்து பார்க்கச் சொல்லியிருந்தன. இரண்டுக்கும் போனார். நான் வீட்டில் உட்கார்ந்து, அங்கே என்ன நடந்திருக்கும் என்று கற்பனை செய்து எழுதி வைத்தேன். திரும்பி வந்து அவர் சொன்னதைக் கேட்டதும் என்னுடையதை அழித்துவிட்டேன்.

4

மஞ்சள் நாள்.

ஓட்டச் சொன்னார்கள். பின்னால் ஒரு ஊழியர் பார்சல்களோடு உட்கார்ந்திருந்தார். கைபேசி 'திரும்புங்கள்' என்றது, அண்ணி திரும்பினார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கையில் கேமரா கூவத் தொடங்கியது. 'ஓட்டுநர் கைபேசியில் பேசுகிறார்.'

அண்ணி யாரோடும் பேசவில்லை. தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். 'மெதுவா, அவசரமில்ல, கிளட்ச விடு, அந்த சைக்கிள் போகட்டும்…' இத்தனை வருஷம் பக்கத்தில் இருப்பவருக்குச் சொன்னதெல்லாம் இப்போது தனக்கு. வாயை மூடிப் பார்த்தாராம். மூடினால் வண்டி தடுமாறியது. திறந்தால் கேமரா கூவியது.

(இந்த இடத்தில் மஞ்சள் கம்பெனியைக் கொடுங்கோலனாக்கிவிட எனக்கு ஆசை வந்தது. இரக்கமில்லாத ஒரு மேலாளரைக்கூட உருவாக்கிவிட்டேன், மீசையெல்லாம் வைத்து. உண்மையான மேலாளர் ஒரு பெண்மணி. நல்லவர். கதைக்கு இது பெரிய இடைஞ்சல்.)

அந்த மேலாளர் அம்மா பதிவைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். பிறகு சிரிப்பை நிறுத்தி, இன்னொரு முறை போட்டுக் கேட்டாராம்.

"எவ்வளவு அழகா சொல்லிக் குடுக்கிறீங்க! எங்களுக்குப் புதுசா வர்ற டிரைவர்களைப் பழக்க ஆள் இல்லை. ஓட்ட வேணாம்மா. பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுங்க. சம்பளம் அதிகம், வெயில்ல படி ஏறி இறங்க வேணாம்."

அன்று சாயங்காலம் அண்ணன் இனிப்பு வாங்கி வந்தார். அண்ணி அதைத் தொடவில்லை.

"நல்ல மனசோட குடுக்குறாங்க. அதான் எரிச்சலா வருது," என்றார். "கெட்டவங்களா இருந்தா முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டு வந்திருப்பேன்."

5

நீல நாள்.

அண்ணியைக் கூட்டிப் போக வந்தவன் அவருடைய பழைய மாணவன். சுருட்டை முடி என்பதால் பள்ளியில் எல்லாருக்கும் அவன் சுருட்டை. இப்போது இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. கடனில் வாங்கிய நீல வேன் அவனுடையது.

"அக்கா, இன்னைக்கு நான்தான் உங்களுக்கு வாத்தியார்," என்று பெருமையாகக் கதவைத் திறந்துவிட்டான்.

காலை முழுக்கக் கலகலப்பு. எந்த வீட்டில் நாய், எந்த மாடியில் லிஃப்ட் ஓடாது, எந்தக் கடைக்காரர் பக்கத்து வீட்டுப் பார்சலை வாங்கி வைத்துக்கொள்வார், எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அண்ணிக்குப் பிடித்துப்போயிற்று. யாரும் கூவவில்லை. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார்.

மதியத்துக்கு மேல் சுருட்டையின் பேச்சு குறைந்தது. பதில்கள் 'ம்' ஆயின. பிறகு அதுவும் நின்றது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துச் சாலை. அண்ணி திரும்பிப் பார்த்தார். அவன் கண் மூடியிருந்தது. வேன் போய்க்கொண்டிருந்தது.

அண்ணியின் கால் பழக்கத்தில் தரையை ஓங்கி அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை.

என் வரைவில் அடுத்த வரி இது: பெரும் ஓசையோடு வேன் சுவரில் மோதி —

"மோதலையே," என்றார் அண்ணி.

"தெரியும் அண்ணி. ஆனா கதையில…"

"நான் ஒரு கையால ஸ்டீயரிங்கப் பிடிச்சேன். இன்னொரு கையால ஹேண்ட் பிரேக்க இழுத்தேன். நின்னுருச்சு. எதுக்கு மோத விடுற? மோதினாத்தான் கதையா?"

"மோதினா படிக்கிறவங்க…"

"அவனுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. உன் கதையிலயும் மோதக் கூடாது."

வரியை அடித்துவிட்டேன். நடந்தது இதுதான்: வேன் ஒரு குலுக்கலோடு நின்றது. பின்னால் பார்சல்கள் சரிந்தன. சுருட்டை விழித்துப் பார்த்தான். சாலையைப் பார்த்தான், அக்காவின் கையைப் பார்த்தான். முகம் வெளிறிப் போயிற்று.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"கடைசியா எப்ப ஒழுங்கா தூங்கின?"

அவன் விரல்விட்டு எண்ணினான். ஒருநாள் ஓட்டாவிட்டால் பகுதியை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். காய்ச்சலோடும் ஓட்டியிருக்கிறான்.

"இறங்கு," என்றார் அண்ணி. "இந்தப் பக்கம் வா."

சுருட்டை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த மறுநிமிடம் தூங்கிப்போனான். வாய் திறந்து, தலை கண்ணாடியில் முட்டி முட்டி. மிச்சப் பார்சல் எல்லாவற்றையும் அண்ணி கொடுத்து முடித்தார். நாய் வீட்டில் நாய் அவரைப் பார்த்து வாலாட்டியது. வண்டியை எடுக்கும்போதும் நிறுத்தும்போதும் அவன் எழுந்துவிடக் கூடாதே என்று முட்டைக் கூடையை மடியில் வைத்திருப்பவர்போல ஓட்டினாராம்.

இதைச் சொல்லும்போது அண்ணி அழுதார். பயத்தில் என்று நினைத்துத் தோளைத் தட்டினேன். கையை விலக்கினார்.

"இல்லடி. அவ்வளவு நல்லா இருந்துச்சு. அந்தப் பையன் செத்துப் பொழைச்சிருக்கான், எனக்கு மனசு அவ்வளவு நல்லா இருந்துச்சு. நான் என்ன மனுஷி?"



6

கேட்டபடி இரண்டு எதிர்காலங்களையும் எழுதினேன். மஞ்சள் எதிர்காலத்தில் அண்ணி கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை மறந்து, வீட்டிலும் உதடு பிரிக்காதவராகிவிடுகிறார். நீல எதிர்காலத்தில், தூக்கம் கெட்டு, சுருட்டையைப்போலவே ஒரு மதியத்தில் அவர் கண்ணும் செருகுகிறது. இரண்டையும் அண்ணன் முன்னால் வாசித்துக் காட்டினேன்.

அண்ணி பொறுமையாகக் கேட்டார். "ரெண்டுலயும் நான் பாவமா இருக்கேனே, ஏன்?"

"கதைன்னா கொஞ்சம் கஷ்டம் வேணும் அண்ணி."

"அது உன் கஷ்டம். என்கிட்ட ஏன் தள்ளிவிடுற?"

அண்ணன் சிரித்துவிட்டார். பிறகு அவரே, யாரும் கேட்காமல், பேசினார். "மஞ்சள்ல அந்தப் பக்கத்து சீட்டு வேலைய எடுத்துக்கோன்னுதான் சொல்ல நினைச்சேன். ஆனா அன்னைக்கு நீல வண்டியில போயிட்டு வந்து நீ செருப்பக் கழட்டின பாரு, கல்யாணத்துக்கு அப்புறம் அப்படி ஒரு முகத்த நான் பாக்கல. எனக்கே கொஞ்சம் வருத்தமா இருந்துச்சு, இத்தன வருஷமா அந்த முகம் எங்க இருந்துச்சுன்னு. நீ ஓட்டு. எங்க வேணா ஓட்டு. தூங்காம மட்டும் ஓட்டாத."

நாலு முறை உரசிப் பார்க்காமல் அண்ணன் பேசியது அன்றுதான்.

மறுநாள் அண்ணி இரண்டு இடத்துக்கும் போனார். மஞ்சள் மேலாளரிடம், "சொல்லிக் குடுக்க மாட்டேன், ஓட்டுறதா இருந்தா வரேன். ஓட்டும்போது பேசுவேன். கேமராவுக்கு நீங்கதான் புரிய வைக்கணும்," என்றார். அந்த அம்மா யோசித்து, ஓட்டவே வாருங்கள், கேமராவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம்.

அங்கிருந்து நேராகச் சுருட்டையின் வீட்டுக்கு. அவன் மனைவியும் இருந்தாள். அன்று நடந்ததை அவளிடம் அவனையே சொல்ல வைத்தார். அவள் அவனை அடிக்கக் கை ஓங்கி, கட்டிக்கொண்டு அழுதாளாம். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு வேன், இரண்டு ஓட்டுநர். காலை அவன், மதியத்துக்கு மேல் அக்கா. கூலியில் பாதிப் பாதி. வருமானம் குறையும். தூங்கலாம்.

அண்ணி வேண்டாம் என்றால் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அந்தப் பாதியை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். ஆகையால், நீலத்துக்குப் போனால்தான் சுருட்டை பிழைப்பான் என்று நீங்கள் அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். நானும் அப்படித்தான் முடிக்கப் பார்த்தேன். உண்மை இடம் கொடுக்கவில்லை.

7

அண்ணி முடிவெடுத்துவிட்டார். எனக்கும் தெரியும். எழுத உட்கார்ந்தேன்.

"அத எழுதாத," என்றார்.

"ஏன் அண்ணி? அதுக்குத்தான இவ்வளவு தூரம்…"

"நாளைக்கு யாராவது என்னை மாதிரி ரெண்டுக்கும் நடுவுல நின்னுட்டு இதப் படிப்பாங்க. நான் போன எடத்துக்கே அவங்களும் போவாங்க. அவங்களுக்கு என்ன வயசு, வீட்டுல யாரு, எத்தன மணிக்குத் தூக்கம் வரும், உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப விடு. அவங்களே பாத்துக்குவாங்க."

ஆக, கதையைக் கேட்டவரே முடிவைத் தடுத்துவிட்டார். என்னால் ஆனதைச் செய்கிறேன். கீழே கடைசிக் காட்சி இருக்கிறது. அதில் ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் செய்ததுபோலக் கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொள்ளுங்கள். மதிப்பெண் கிடையாது.

8

திங்கட்கிழமை. வாசலில் ________ நிற வேன் நின்றது. (எப்படி அங்கே வந்தது, யார் கொண்டுவந்து விட்டது, மணி என்ன என்று கேட்காதீர்கள். ஏதாவது ஒன்றைச் சொன்னாலும் நிறம் தெரிந்துவிடும்.)

அண்ணன் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடுவையோடு நின்றார். அண்ணி அதை வாங்கி உள்ளே வைத்தார். இருக்கையை முன்னால் நகர்த்தினார், பின்னால் நகர்த்தினார், திரும்ப முன்னால். கதவைச் சாத்தினார். எதிர் வீட்டுக்காரர் குறுக்கே நிறுத்தியிருந்த பைக்குக்கும் எங்கள் மதிலுக்கும் நடுவே வேன் பின்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு போய்த் தெருவில் நேராகி நின்றது. உள்ளே அண்ணியின் உதடுகள் அசைவது தெரிந்தது.

வேன் கிளம்பியது. அண்ணன் கையை உயர்த்தி ஆட்டினார். தெருமுனை வரை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"திருப்பிக் கை காட்டவே இல்லையே இவ," என்றார், கொஞ்சம் மனத்தாங்கலாக.

"எப்படிண்ணே காட்டுவாங்க? ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல இருக்கு."