நாற்பது நோட்டில் ஒரே நாடி

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு விளையாட்டு என்று கால அட்டவணையில் எழுதியிருந்தது. அட்டவணையில் எழுதியிருப்பதெல்லாம் நடந்துவிடுமா என்ன? பரீட்சை நெருங்கிவிட்டால் அந்தப் பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். அவர் விட்டால் அறிவியல் டீச்சர். உடற்பயிற்சி ஆசிரியர் கழுத்தில் விசிலோடு வகுப்பு வாசல்வரை வந்து எட்டிப் பார்த்து, "ஓ, நீங்க எடுத்துக்கிட்டீங்களா? சரி சரி" என்று திரும்பிப் போவார். பிள்ளைகள் அவருக்கு விசில் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் அதை ஊதி அவர்கள் கேட்டுப் பல மாதம் ஆகிறது.

அன்றைக்கு அறிவியல் டீச்சரின் முறை. திங்கட்கிழமைக்குள் நாற்பது பேருடைய ரெக்கார்டு நோட்டும் முடிந்திருக்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் காலையிலிருந்து மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார். ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. உட்கார்ந்தபடி ஒரு நிமிடம் நாடியை எண்ண வேண்டும், மைதானத்தை ஒரு சுற்று ஓடிவந்து எண்ண வேண்டும், ஐந்து நிமிடம் இளைப்பாறிவிட்டு மறுபடி எண்ண வேண்டும். மணிக்கட்டு எல்லோருக்கும் இருக்கிறது, மைதானம் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் டீச்சர் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு 72, 110, 74 என்று எழுதினார்.

"எல்லாரும் எழுதிக்கோங்க. சீக்கிரம். இது பத்து மார்க்கு."

எதை நடத்தினாலும் இது பத்து மார்க்கு என்பார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரும் 'பத்து மார்க்கு'தான். இந்த டீச்சர் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரியாத பிள்ளைக்குத் தன் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொடுப்பவர். ஆனால் இந்தச் சோதனையை அவர் படித்த காலத்திலும் யாரும் ஓடிச் செய்யவில்லை. அவருடைய டீச்சரும் இதே மூன்று எண்களைத்தான் பலகையில் எழுதினார். பழகிப்போன பொய்க்கு யாருக்கும் மனசு உறுத்துவதில்லை.

முப்பத்தொன்பது பேர் எழுதினார்கள். கடைசி பெஞ்சில் இருந்த நெட்டை மட்டும் எழுதவில்லை. உயரத்துக்காக வைத்த பெயர். அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். அவள் இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள். பாடப் புத்தகத்தில் அப்படித்தானே போட்டிருக்கிறது!

"டீச்சர், எனக்கு நூத்தி இருபத்தி நாலு வருது."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "நெட்டைக்கு எல்லாமே ஜாஸ்திதான் டீச்சர்!" என்று எவளோ ஒருத்தி சொன்னாள்.

"நீ எண்ணத் தெரியாம எண்ணியிருப்ப. எழுபத்திரண்டுன்னு போடு."

"மூணு தடவை எண்ணிட்டேன் டீச்சர். கையும் நடுங்குது, பாருங்க."

"நடுங்காம என்ன செய்யும்? எழுதாம வெட்டியா உக்காந்திருந்தா!" டீச்சர் அவள் நோட்டைப் பார்த்தார். கட்டத்தில் 124 என்று அழகாக எழுதியிருந்தது. "ஏம்மா, மேலிடத்துல இருந்து பாக்க வர்றவங்க என்னைத்தானே கேப்பாங்க? அந்தப் பக்கத்தைக் கிழிச்சிட்டுப் புதுசா எழுதிக் கொண்டா."

நெட்டை கிழித்தாள், எழுதினாள். டீச்சர் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார். நீட்டிய கையை ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்திருந்தால் போதும், எண்ணத் தெரியாதது யார் என்று அப்போதே தெரிந்திருக்கும். அந்த ஒரு நிமிடம்தான் அவரிடம் இல்லை.

நெட்டையின் அம்மா சட்டை தைக்கும் தொழிற்சாலையில் காலர் பிரிவில் வேலை செய்கிறவள். அன்று சாயங்காலம் மகள் அவளிடமும் சொன்னாள்.

"அம்மா, சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா."

அம்மா பதறித்தான் போனாள். ஆனால் ரெக்கார்டு நோட்டைப் புரட்டிப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. "இங்க பாருடி, எழுபத்திரண்டுன்னு போட்டு டீச்சரே கையெழுத்துப் போட்டிருக்காங்க. படிச்சவங்க பாத்துச் சொன்னா சரியா இருக்கும். நீ பரீட்சைய நெனச்சுப் பயந்துக்கிறே." நெட்டை வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். அதிகம் படிக்காத அம்மாவிடம் டீச்சர் பொய் எழுதினார் என்று எந்தப் பிள்ளை சொல்லும்?

அடுத்த வாரம் விசில் சாருக்கு அவசரம் வந்தது. பள்ளிகளுக்கு இடையிலான ஓட்டப் போட்டிக்கு ஆள் அனுப்ப வேண்டும். நீளக் கால் இருக்கிறதே என்று நெட்டையின் பெயரை எண்ணூறு மீட்டருக்கு எழுதினார். உடல் தகுதிப் படிவத்தில் நாடித்துடிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் ஆசிரியர் அறைக்குப் போய் ரெக்கார்டு நோட்டைத் திறந்து பார்த்து, அதே 72ஐ எழுதி, 'ஓடத் தகுதியானவர்' என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். ஒரு பொய்யை நம்பி இன்னொரு பொய், அதை நம்பி ஒரு பிள்ளையின் உயிர். எல்லாவற்றிலும் கையெழுத்து மட்டும் சுத்தமாக இருந்தது.

அதற்கடுத்த வாரம் போட்டி. முதல் சுற்றில் நெட்டைதான் முன்னால் ஓடினாள். பள்ளிக்கூடமே கத்தியது. இரண்டாவது சுற்றின் வளைவில் அவள் கால்கள் பின்னின. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நான்கு அடி நடந்தாள், அப்படியே சரிந்தாள். பார்த்துக்கொண்டிருந்த அறிவியல் டீச்சர் மைதானத்துக்குள் ஓடினார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். திரையில் நூற்று அறுபது, நூற்று எழுபது என்று எண்கள் தாவின. அம்மா வேலையை அப்படியே போட்டுவிட்டு, துண்டு நூலெல்லாம் புடவையில் ஒட்டியபடி ஓடிவந்தாள். வழியில் வீட்டுக்குப் போய், பள்ளியில் திருப்பிக் கொடுத்திருந்த மகளின் ரெக்கார்டு நோட்டையும் எடுத்து வந்திருந்தாள். டாக்டருக்கு உதவுமே என்று நினைத்தாள், பாவம்.

டாக்டர் அதைப் பார்த்தார். விசில் சார் கொண்டுவந்த உடல் தகுதிப் படிவத்தையும் பார்த்தார். இரண்டிலும் எழுபத்திரண்டு.

"ரெண்டு வாரம் முன்னாடி இவளுக்கு ஒண்ணுமே இல்ல. இன்னைக்கு இப்படி அடிக்குது. அப்ப இடையில ஏதோ உள்ள போயிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கட்டில் பக்கம் குனிந்தார். "ஜெயிக்கணும்னு ஏதாவது மாத்திரை போட்டியாம்மா? என்னன்னு சொன்னாத்தான் நான் மருந்து குடுக்க முடியும். தப்பான மருந்து குடுத்தா உன் உயிருக்கே ஆபத்து."

"நான் எதுவும் சாப்பிடல சார்" என்றாள் நெட்டை. குரலே எழும்பவில்லை.

"யாரு குடுத்தா? பயப்படாம சொல்லு."

"சத்தியமா இல்ல சார்."

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த நோட்டையும் பார்த்தாள். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். அவள் நோட்டைத்தான் நம்பினாள்.

"உண்மையச் சொல்லிடுடி. அம்மா அடிக்க மாட்டேன். உன் கால்ல வேணா விழறேன், சொல்லிடுடி."

நெட்டை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கதவோரம் நின்ற டீச்சர் அதைப் பார்த்தார். பக்கத்தில் ஹெட்மாஸ்டர், அவருக்குப் பின்னால் விசில் சார்.

"ரெக்கார்டு பக்காவா இருக்கு, நம்ம மேல ஒரு குத்தமும் வராது" என்று ஹெட்மாஸ்டர் டீச்சரின் காதருகே சொன்னார். "நீங்க தயவுசெஞ்சு வாயத் திறக்காதீங்க. ஸ்கூல் பேரு இருக்கு, உங்க வேலை இருக்கு."

வேலை போனால் என்ன ஆகும் என்று டீச்சருக்குத் தெரியாதா? தெரியும். பேசாமல் இருந்தால் கட்டிலில் இருக்கிறவளுக்கு என்ன ஆகும் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. கால் தானாக உள்ளே போயிற்று.

"டாக்டர், அந்த எழுபத்திரண்டு பொய்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான்தான் போர்டுல எழுதினேன். வகுப்புல நாப்பது பேருக்கும் அதே நம்பர்தான். இவ மட்டும் ஒழுங்கா எண்ணி நூத்தி இருபத்தி நாலுன்னு எழுதினா. கை நடுங்குதுன்னும் சொன்னா. நான்தான் கிழிக்கச் சொன்னேன். இவ பொய் சொல்லல டாக்டர், நான்தான் சொன்னேன்."

"சும்மா உக்காந்திருக்கும்போதே நூத்தி இருபத்தி நாலா?" டாக்டரின் குரல் மாறிவிட்டது.

விசில் சாரும் முன்னால் வந்தார். "நானும் கை வெச்சுப் பாக்கல சார். நோட்டப் பாத்து எழுதிட்டேன்." ஹெட்மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டர் அம்மாவிடம் கேட்டார். "உடம்பு எளைச்சிருக்காளா?"

"நல்லாத்தான் சார் சாப்பிடறா, ரெண்டு ஆள் சாப்பாடு. ஆனா மூணு மாசத்துல ரெண்டு தடவை ஸ்கர்ட்டோட இடுப்பப் பிடிச்சுத் தெச்சேன். வளர்ற பொண்ணு, அப்படித்தான்னு நெனச்சேன்."

டாக்டர் நெட்டையின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். தைராய்டு சுரப்பி வீங்கியிருந்தது. அளவுக்கு மீறிச் சுரந்து, பல மாதங்களாகவே அவள் இதயத்தை விரட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் வந்த ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. இன்னும் அரைச் சுற்று ஓடியிருந்தால் இங்கே கொண்டுவந்தும் பயனில்லை என்றார் டாக்டர். உயிருக்கு இனி பயமில்லை, ஆனால் ஒன்றரை வருடம் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை, இப்போதைக்கு ஓட்டம் என்ற பேச்சே கூடாது.

டீச்சர் அம்மாவின் முன்னால் நின்றார். அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை.

"டீச்சர், எம்பொண்ணு உங்ககிட்டச் சொன்னா, நீங்க நம்பல. என்கிட்டச் சொன்னா, உங்க கையெழுத்தப் பாத்து நானும் நம்பல. பெத்தவளையே புள்ளைய நம்பாம ஆக்கிட்டீங்களே! அவ பாடத்தச் சரியாத்தான் படிச்சிருக்கா. உங்களுக்குத்தான் டீச்சர் அந்தப் பாடம் வரல."

திங்கட்கிழமை காலை, விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து வந்த கடிதத்தை டீச்சர் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். அம்மாவிடம் வாங்கி வந்த நெட்டையின் நோட்டையும் சேர்த்து நாற்பது ரெக்கார்டு நோட்டுகளையும் மேசைமேல் அடுக்கினார். "இதுல நான் எழுதச் சொன்னதெல்லாம் பொய். அதனால ஒரு பிள்ளை சாகப் பாத்தா" என்று மறைக்காமல் சொன்னார். பிறகு எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்துப் போனார். விசில் சார் அங்கே காத்திருந்தார்.

முப்பத்தொன்பது பேரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தார்கள். விசில் ஒலித்தது. ஒரு நிமிடம் எல்லோரும் உதடு அசைய எண்ணினார்கள். மறுபடியும் விசில்.

முன்வரிசையில் ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், எனக்கு எண்பத்தி ஒம்போது வருது." அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நான் தப்பா டீச்சர்?"

டீச்சர் அவள் எதிரே மண்ணிலேயே உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ணினார்.

"எண்பத்தி ஒம்போதுதான். நீ தப்பே இல்ல கண்ணு" என்றார். கண் நிறைந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை. "நீ எண்ணிப் பாத்தது எதுவோ அதுதான் சரி. எண்ணிப் பாக்காம எழுதினா, புத்தகத்துல இருக்கிற நம்பர எழுதினாலும் அது பொய்தான். மார்க்குக்காக ஒரு பொய்ய எழுதிட்டா, அது நோட்டோட நிக்காது. யாரோ ஒருத்தர் அத நம்பி உயிரையே வெச்சிடுவாங்க."