ஞானப்பிள்ளைக்குக் கொடுத்த கேமரா

ஏஞ்சலினுக்குக் கேமரா வாங்க நான்தான் போனேன். போக வேண்டியவனும் நான்தான். அவள் என் சித்தப்பா மகள் மெட்டில்டாவின் பெண். ஞானஸ்நானத்தின்போது கோயிலில் அவளைக் கையில் ஏந்தி நின்றவன் நான். மச்சாது என்று பெயர் கொண்ட எங்கள் குடும்பத்தில் ஞானத்தகப்பன் என்பது பெயருக்கு நிற்கிற நிலை இல்லை. ஞானஸ்நானத்துக்குச் சங்கிலி, கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு உடுப்பு, முதல் வேலைக்குப் போகும்போது அந்த வேலைக்கு வேண்டிய பொருள், எல்லாம் எங்கள் கையால் போக வேண்டும். கொடுத்தது அறுந்தாலும் உடைந்தாலும் எங்களிடம்தான் திரும்பி வர வேண்டும். நாங்கள்தான் புதிதாகச் செய்து கொடுப்போம்.

ஏஞ்சலின் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவள் சங்கிலி ஒருமுறை அறுந்தது. அவள் சித்தப்பன் ஜெஸ்டின் அதை நேரே பத்தரிடம் கொண்டுபோய்ப் பற்றவைத்து வந்துவிட்டான். அவனாக வந்து மன்னிப்புக் கேட்கும்வரை அந்த வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இப்போது அவள் துறைமுகத்தில் சரக்கு சர்வே செய்யும் ஓர் ஆபீசில் சேர்ந்திருக்கிறாள். கப்பலின் அடித்தளத்தில் இறங்கி, மூட்டை நனைந்திருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து அறிக்கை கொடுப்பது வேலை. கப்பலுக்குள் போன் கொண்டுபோக அந்த ஆபீசில் அனுமதி இல்லை. முன்பு ஒருவன் சேதமான சரக்கைப் படம் எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் போட்டு, முதலாளியைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டானாம். அதனால் கேமராதான், அதுவும் அவரவர் சொந்தக் கேமரா. ஆறு மாதம் பார்ப்பார்கள். கப்பலில் இறங்கி வேலை செய்ய முடிந்தால் நிரந்தரம். முடியாவிட்டால் ஆபீசில் உட்கார்ந்து டைப் அடிக்கலாம். ஏஞ்சலினுக்குக் கப்பல்தான் வேண்டும்.

"சின்னதா, கைக்குள்ள அடங்குத மாதிரி ஒண்ணு போதும் மாமா" என்றாள். "விலையும் கம்மிதான். கப்பலுக்கும் ஆகும், மத்த நாள்ல சும்மா பையில போட்டுக்கிடவும் ஆகும்."

கொடுப்பவனுக்கு விலை சொல்லித் தரக்கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டு, கிரேட் காட்டன் ரோட்டில் இருக்கும் கிருபாகரன் கடைக்கு நான் தனியாகப் போனேன். கிருபாகரன் நாசரேத்துக்காரன், தன்மையானவன். ஆனால் பேச்சு கொஞ்சம் கூடுதல்.

"துறைமுக வேலைக்குன்னா இது சரியா இருக்கும் அண்ணாச்சி" என்று ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

"என்னய்யா, சோப்பு டப்பா மாதிரி இருக்கு. இதை எப்படி நாலு பேரு மத்தியில வச்சுக் கொடுக்கது?"

"நாலு பேரு மத்தியில வைக்கவா, படம் எடுக்கவா அண்ணாச்சி?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில் இருந்த பெரிய கேமராவைக் காட்டச் சொன்னேன். குழல் போல நீண்ட லென்ஸ், கழுத்தில் மாட்ட அகலமான வார், தனிப் பை. அதையே வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மெட்டில்டா வீட்டில் உறவுக்காரர்கள் முன்னால் கொடுத்தேன். எல்லாரும் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஏஞ்சலின் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். மரியாதைக்காக என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, முன்னறைக் கண்ணாடி அலமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் கேமரா இருந்தது. தூசி இல்லை. பிள்ளை பொருளைப் பேணுகிறாள் என்று வீட்டுக்கு வந்து பிளாரன்ஸிடம் சொன்னேன்.

என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "நீங்க பிள்ளைக்குக் கேமரா கொடுத்தியளா, மாதாவுக்குக் காணிக்கை போட்டியளா?"

"என்னளா சொல்லுத?"

"கப்பலுக்குள்ள ஏணி செங்குத்தா நிக்குமாம். ரெண்டு கையாலயும் பிடிச்சுத்தான் இறங்கணும். கழுத்துல கிடக்கது ஒவ்வொரு படியிலயும் போய் இடிக்கி. இந்தப் பாரத்தைத் தூக்கிட்டு இறங்காதன்னு பெரிய ஆபீசரே சொல்லிட்டாராம். இப்போ அவரோட சின்னக் கேமராவைத்தான் இரவல் வாங்கி ஓட்டுதா. அவரும் மாசக் கடைசியில சென்னைக்கு மாத்தலாகிப் போறாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சங்கிலி கதைய அந்த வீட்டுல எவ மறப்பா? ஜெஸ்டின் கிறிஸ்துமஸ் லீவுக்கு வாரானாம். சிங்கப்பூர்ல இருந்து சின்னதா ஒண்ணு வாங்கிட்டு வாரேன்னு சொல்லியிருக்கானாம்."

அன்று மதியம் முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் யாராவது கேட்டால், சித்தப்பா கொடுத்தது என்று அவள் சொல்வாள். மச்சாது வீட்டுப் பொருள் அலமாரியில் கிடக்கும். சரி, நானே இன்னொன்று வாங்கிக் கொடுக்கலாமா என்றால், முதலில் கொடுத்தது தவறு என்று ஊரறியச் சொன்னதாகும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதோ எங்கள் வீட்டில் யாரும் செய்யாத காரியம். ஜெஸ்டின் வருவதற்குள் மாதம் முடிந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. கையில் கேமரா இல்லாமல் அவள் கப்பலில் இறங்க முடியாது. பெருமை ஒரு பக்கம், பிள்ளையின் பிழைப்பு ஒரு பக்கம். எதைத் தொட்டாலும் இன்னொன்று சாய்கிறது. நாலைந்து நாள் அப்படியே போயிற்று. பிளாரன்ஸும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. ஆனால் இடையில் ஒருநாள் மெட்டில்டா வீட்டுக்குப் போய் வந்தாள்.

பிறகு ஒரு சாயங்காலம் ஏஞ்சலின் வந்தாள். கேமராப் பையை மேசையில் வைத்து, வாரைத் தனியாக எடுத்து நீட்டினாள்.

"மாமா, வார் அறுந்துபோச்சு."

"எப்படி?"

"ஏணியில மாட்டி இழுத்துட்டு."

வாரைக் கையில் வாங்கினேன். நான் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்தவன். வாழ்நாளெல்லாம் கயிறு விற்றிருக்கிறேன். இழுபட்டு அறுந்த முனையில் நூல்கள் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் பிசிறி நிற்கும். இதன் முனை வகிடெடுத்த மாதிரி நேராக இருந்தது. மெட்டில்டாவின் தையல் கத்தரி நல்ல கூர்மையானது.

"ஏணியிலயா?" என்றேன்.

"ஆமா மாமா." அவள் தரையைப் பார்த்தாள்.

"நல்ல வேளை, நீ விழல."

"இல்ல மாமா."

பிளாரன்ஸ் அடுப்பைப் பார்க்கப் போகிறவள் போல உள்ளே போய்விட்டாள். அடுப்பில் அப்போது ஒன்றும் இல்லை.

நான் வாரைச் சுருட்டி மேசையில் வைத்தேன். "அறுந்தது இங்கதான வரணும். முறையாத்தான் கொண்டுவந்திருக்க. நாளைக்கு ஆபீஸ் விட்டதும் கிருபாகரன் கடைக்கு வந்துரு. கப்பல்ல போடுத கிளவுசையும் எடுத்துட்டு வா."

சங்கிலியைத் திரும்பச் செய்யும்போது பழைய நீளத்துக்குச் செய்வதில்லை. பிள்ளையின் கழுத்து எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளந்து அதற்குத்தான் செய்வோம். கேமராவுக்கு அவள் கையை அளந்தால் போதும்.

மறுநாள் கிருபாகரன் பையைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "கேமராவுக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. வார்தான அறுந்திருக்கு. வேற வார் போட்டாப் போதும்."

"வார் போடச் சொல்லி நான் கேட்டனா? மாத்திக் கொடுமய்யா."

அவன் என்னைப் பார்த்தான், ஏஞ்சலினைப் பார்த்தான், மேற்கொண்டு பேசாமல் மூன்று சின்னக் கேமராக்களை எடுத்து வைத்தான். விஷயம் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் பேசாமல் இருந்தது எனக்குப் பிடித்தது.

முதலாவது மெல்லிசாக, பார்க்க அழகாக இருந்தது. பொத்தானே இல்லை, எல்லாம் திரையைத் தொட்டுத்தான். கிளவுஸ் போட்ட விரலுக்கு அது அசையவில்லை. இரண்டாவது ஒருவர் வைத்திருந்து விற்றது. படம் நன்றாக விழுந்தது, ஆனால் அதன் பேட்டரி இப்போது வருவதில்லை என்று அவனே ஒப்புக்கொண்டான். மூன்றாவது கறுப்பு. நான் முதலில் சோப்பு டப்பா என்று சொன்னதுதான்.

"ஒரு கையால பிடி. இந்தக் கையால ஏணியைப் பிடிச்சிருக்கன்னு வச்சுக்க. இப்போ எடு."

அவள் கடைக் கதவின் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு, கிளவுஸ் போட்ட வலது கையால் மேலிருந்த பொத்தானை அழுத்தினாள். கிருபாகரனின் மின்விசிறி படமாக விழுந்தது. வெளியே ரோட்டு வெயிலுக்குக் கூட்டிப்போய்த் திரை தெரிகிறதா என்று பார்த்தோம். கையால் வெயிலை மறைக்காமலே தெரிந்தது. எதிர்க்கடைப் பலகையை எடுக்கச் சொன்னேன்.

"லென்ஸ் நகர்ந்து கிட்டக் கொண்டுவரணும் மாமா" என்றாள். "படத்தைச் சும்மா பெருசாக்கிக் காட்டினா மூட்டையில இருக்க நம்பர் கலங்கிப்போகும்."

லென்ஸ் நகர்ந்தது. எழுத்து கலங்கவில்லை. படத்தின் மூலையில் தேதி விழுந்தது, அது அறிக்கைக்கு வேண்டும். போன் சார்ஜர் வயரே இதற்கும் பொருந்தியது. சட்டைப்பையில் போட்டுப் பார்த்தாள், உள்ளே போனது.

"இதுதான்" என்றேன்.

கிருபாகரன் கால்குலேட்டரை எடுத்தான். "பெரியதைத் திருப்பி எடுத்துக்கிடுதேன். மீதி உங்களுக்கு வரணும் அண்ணாச்சி."

"மீதி வாங்குத பழக்கம் நம்ம வீட்டுல கிடையாது." சங்கிலியை உருக்கினால் குந்துமணித் தங்கம்கூடக் குறையாமல் புதுச் சங்கிலியில் சேர வேண்டும். கூடுதல் பேட்டரி இரண்டு, கார்டு, தண்ணீர் புகாத உறை, கைப்பிடி லைட் என்று எடுக்கச் சொன்னேன். அப்போதும் மிச்சம் இருந்தது. வாரன்டியை நீட்டிக்கச் சொன்னேன்.

மணிக்கட்டில் மாட்டும் வாரை மட்டும் நானே தேர்ந்தெடுத்தேன். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, "இது லேசுல அறுந்துபோகாது" என்றேன்.

"அறுந்துபோகாது மாமா" என்றாள் ஏஞ்சலின். அவள் சிரிப்பை அடக்கியதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மாதக் கடைசியில் அந்த ஆபீசர் சென்னைக்குப் போனார். ஏஞ்சலின் தன் சொந்தக் கேமராவோடு உரக் கப்பலில் இறங்கினாள். கிறிஸ்துமஸுக்கு ஜெஸ்டினும் வந்தான், சொன்னபடி சின்னக் கேமரா ஒன்றோடு. மெட்டில்டா அவனுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "அண்ணன் கொடுத்தது இருக்கே, அதுலதான் அவளுக்குக் கை பழகியிருக்கு" என்று சொன்னாளாம்.

புதுவருஷப் பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கண்ணாடி அலமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஜெஸ்டினின் கேமரா இருந்தது. நல்ல பொருள்தான். மெட்டில்டா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.