ஒரு பாக்குத் தூரம்

காட்டுப் பாதை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அந்தக் கைப்பிரேக்கை நம்பும் அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி கெடவில்லை. தங்கை தாபிஷா இறங்கியதும் பையைத் திறந்து, வெற்றிலை மடித்து, பாக்கோடு எனக்கு நீட்டினாள். வீட்டுக்காரி அவள், பாக்கு நீட்டுவது அவள் உரிமை. எங்கள் இனத்தில் கடைக்குட்டி மகளுக்குத்தான் வீடு, வீட்டோடு அம்மா, அம்மாவோடு மூட்டுவலியும் கோபமும். மூத்தவள் நான், கல்யாணமானதும் ஷில்லாங்கில் தனியாக வீடு கட்டிக்கொண்டேன். ஊருக்குப் போனால் விருந்தாளிதான், தங்கை நீட்டுவதை வாங்கிக்கொள்வேன்.

விளக்குமாற்றுப் புல் சுமந்து வந்த ஒருத்தியிடம் அருவி எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "ஒரு பாக்குத் தூரம்" என்றாள். அதாவது வாயில் போட்டது சக்கையாவதற்குள் போய்விடலாம்.

"நாம ரெண்டு பேர் மட்டும் போலாம்" என்று கூப்பிட்டவள் தாபிஷாதான். வழியெல்லாம் மூடுபனியும் பள்ளத்தாக்கும். ஒவ்வொரு வளைவிலும் "நல்லா இருக்குல்ல?" என்றதோடு சரி. இவள் வாயாடி. இவள் வாய்க்கே பூட்டு விழுந்தால் விஷயம் பெரிதாகத்தான் இருக்கும்.

பாசி பிடித்த படிகளில் பாதி இறங்கியதும் ஆரம்பித்தாள்.

"அக்கா, திகந்தாவ அம்மாவுக்குப் பிடிச்சிருக்கு. பன்றிக்கறி தொடமாட்டேங்கிறான், அதக்கூட மன்னிச்சுட்டா."

"அப்புறம் என்னடி? கட்டிக்கிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வா."

"அவன் வரமாட்டான். அசாம்ல அவங்க வீட்ல ஒரே பையன். அவங்க பக்கம் பொண்ணுதான் போகணுமாம்."

நான் நின்றுவிட்டேன். "ஆம்பள வீட்டுக்கா? நீ? மூட்டையக் கட்டிக்கிட்டா?"

"ஆமா."

"போயி அவன் அம்மாவுக்குச் சமைச்சுப் போடப்போறியா? உலகத்துல எவளாவது இப்படிச் செய்வாளா?"

"உலகத்துல முக்காவாசிப் பேரு அப்படித்தான் செய்யறாங்கக்கா. நாமதான் இல்ல."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "அம்மா?"

"நான் போனா அடுத்து நீதானே? நீ முடியாதுன்னா நான் போகல. அவன்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்."

இவள் பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதுவரை ஒரே மகளான நான்தான் கடைக்குட்டி. அம்மா பக்கத்தில் துணிக்குள் கிடந்த அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்ததுமே வீடு என் கையை விட்டுப் போய்விட்டது புரிந்தது. எத்தனையோ வருஷம் உள்ளுக்குள் எரிந்திருக்கிறேன். இப்போது அதே வீடு தேடி வருகிறது, எனக்குச் சந்தோஷமில்லை, பயம்தான். ஷில்லாங் வீட்டுக்கு இந்த வருஷம்தான் கூரை மாற்றினோம். என் புருஷன் ஃப்ராங் தன் கடையை விட்டுவிட்டு மாமியார் வீட்டுக்கு வரவேண்டும். அம்மா தினமும் என் சமையலில் குற்றம் சொல்வாள்.

ஆனால் இவளும் அந்த வீட்டைக் கேட்டா வாங்கினாள்? கடைசியில் பிறந்தாள், அவ்வளவுதான். அதற்கு மேல் இதுவரை யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இப்போதுதான் முதல்முறை கேட்கிறாள், அதையும் பாதி விட்டுக்கொடுத்தபடி.

அருவி வந்துவிட்டது. மழைக்காலம் முடிந்தும் தண்ணீருக்குக் குறைவில்லை. அந்த இரைச்சலில் பேச முடியாது. ஈரப் பாறையில் உட்கார்ந்தோம். வாயிலிருந்த சக்கையைத் துப்பினேன். அதைப் பார்த்ததும் பழக்கத்தில் தாபிஷாவின் கை பைக்குள் போனது.

பையை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டேன். வெற்றிலையைத் தொடையில் துடைத்துச் சுண்ணாம்பு தடவினேன். வருஷக்கணக்கில் வாங்கிப் போட்டே பழகிய கை, கொஞ்சம் அதிகமாகிவிட்டது. மடித்து, பாக்கோடு அவளிடம் நீட்டினேன்.

தாபிஷா ஈரக் கைகளைப் பாவாடையில் துடைத்துவிட்டு, விருந்தாளி வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டாள்.

"சுண்ணாம்பு ஜாஸ்திக்கா" என்று என் காதருகே கத்தினாள்.

பையை அவள் திரும்பக் கேட்கவில்லை. ஏறும்போது நான்தான் தூக்கி வந்தேன்.